இடம் பார்க்க வந்தவர்கள்

ரயில் கேட் என்றால் பிரிவு.
தண்ணீர்த் தொட்டி என்றால் யாரோ விழப்போகிறார்கள்.
மாரியம்மன் கோயில் வாசலில்
கெட்டவன் கடைசியில் மண்டியிடுவான்.
செம்பனை நிரைக்குள்
கேமரா நுழைந்தாலே
கொலை.

இவ்வளவையும் இயக்குநர் வினோதன்
என் கஞ்சில் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து
பாடாங் செராய் வருவதற்குள்
சொல்லி முடித்துவிட்டார்.
நான் லொக்கேஷன் பார்த்துக் கொடுப்பவள்.
நாளுக்கு இருநூறு வெள்ளி, பெட்ரோல் தனி.
தலையாட்டினேன்.

லயத்தைக் கண்டதும் கார் நிற்குமுன் இறங்கினார்.
'இது வீடில்லம்மா, இழப்பு' என்றார்.
நான்காம் கதவில் பல் துலக்கிக்கொண்டிருந்த ரொஃபிக்
நுரையோடு எங்களைப் பார்த்தான்.
சில்ஹெட்டிலிருந்து வந்து ஆறு வருடம்.
அவனுக்கு அது வீடுதான்.
வைஃபைகூட இருக்கிறது.

கொடியில் காய்ந்த அவன் லுங்கிகளை எடுக்கச் சொன்னார்கள்.
அங்கே ஒரு வெள்ளை வேட்டி தொங்கியது,
ஓரத்தில் பழுப்பேறி.
அதுதான் திரும்பி வராத அப்பாவாம்.
பெருநாளுக்கு ரொஃபிக் அடித்த பச்சைச் சுவரில்
ஆர்ட் டைரக்டர் கோப்பித் தூளைக் கரைத்துத் தெளித்தார்.
வறுமை காய
இருபது நிமிடம் ஆனது.

அப்பா விட்டுப் போகிற காட்சிக்கு இடம் கேட்டார்.
பெட்ரோல் ஸ்டேஷனுக்கு எதிரே
பஸ் ஸ்டாப்பில் கொண்டுபோய் நிறுத்தினேன்.
நீலத் தகரக் கூரை.
தூணில் வட்டிக்காரர்கள் ஒட்டிய போன் நம்பர்கள்.
மூன்று இருக்கையில் ஒன்று உடைந்தது.
விரல்களால் சட்டம் கட்டி
ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.
'இங்க ஒன்னுமே இல்லையே.
இடம் பேசணும்.'

நான் சொல்லவில்லை.
மழை இல்லை அன்று, ரயில் இல்லை.
பள்ளி விடுமுறை, காலை பதினொரு மணி.
எனக்கொரு ஐஸ் மைலோ வாங்கிக் கொடுத்து
மிச்சத்தை நீயே வச்சிக்க என்றார் அப்பா.
பட்டர்வொர்த் பஸ் வந்தது.
எப்போதும்போல் வலது காலை முதலில் வைத்து ஏறினார்.
அந்த இடம் அன்றைக்கும் ஒன்றும் பேசவில்லை.
பேசியிருந்தால்
நான் குனிந்து
சில்லறையை எண்ணிக்கொண்டிருந்திருப்பேனா?
நாற்பது சென்.

ரயில் கேட்டுக்கு அலைந்தோம். எங்கும் மேம்பாலம்.
கடைசியில் ஸ்டோர் ரோட்டில்
பலகைக்குச் சிவப்பு வெள்ளை அடித்து
ஒரு கேட் நட்டார்கள்.
ஜென்மத்தில் ரயில் பார்க்காத ரோடு.
சத்தத்தை அப்புறம் சேர்த்துக்கொள்வார்களாம்.
தண்ணீர் லோரிக்கு நானூறு வெள்ளி கொடுத்தோம்,
மழைக்கு.

சுங்கை பட்டாணியில் படம் ஒரு வாரம் ஓடியது.
கேட் இறங்கியது. மழை கொட்டியது.
பக்கத்து சீட்டுப் பெண் மூக்கை உறிஞ்சினாள்.
நானும் அழுதிருக்கலாம்,
அந்தப் பலகை என் கார்க் கூரையில் வந்திருக்காவிட்டால்.

பிறகு, ஒன்றுமில்லாத ஒரு காட்சி.
மகன் மோட்டாரில் டவுனுக்குப் போகிறான்.
அவன் தோளுக்குப் பின்னால்
மூன்று விநாடி
குவியம் தப்பிய நீலம் ஒன்று கடந்தது.
முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.
பின்னாலிருந்தவர் உட்காரச் சொன்னார்.
தகரக் கூரைதானா,
நின்றிருந்த லோரியின் தார்ப்பாயா,
மறுநாளும் டிக்கெட் எடுத்தேன்.
தெரியவில்லை.

வேட்டியைத் திருப்பி வாங்க மறந்துவிட்டார்கள்.
ரொஃபிக் அதில் மோட்டார் செயின் துடைக்கிறான்.
'பாகுஸ்' என்கிறான்,
நல்ல துணி,
எண்ணெயை நன்றாக இழுக்கிறது.